பசைக் குழாயைத் திறப்பதற்கு முன்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனே,

உன் பழைய ப்ரோட்டோன் சாகாவில் ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் காது உடைந்துவிட்டது, வீட்டில் அண்ணியின் குத்துவிளக்குத் தண்டும் அடிப்பாகத்தில் நிற்காமல் ஆடுகிறது, இரண்டையும் எப்போக்ஸி, அதாவது இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலந்து போடுகிற பசை, போட்டு ஒட்டிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் நாலு வரியில் சொல்லி முடிகிற விஷயமில்லை. பீடோங்கிலும் சுங்கைப் பட்டாணியிலும் உன் வயதுப் பிள்ளைகள் பலருக்கும் இதே கேள்வி இருக்கிறது. அதனால் எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

ஒட்டியது பிட்டுக்கொண்டு வந்தால் எல்லாரும் பசையைத்தான் திட்டுகிறார்கள். அடுத்த முறை இன்னும் விலை கூடிய பசையாக வாங்குகிறார்கள், அதுவும் பிட்டுக்கொள்கிறது. ஒட்டும் இடத்தை எப்படித் தயார் செய்தோம், ஒட்டிய பிறகு எவ்வளவு நேரம் கை வைக்காமல் விட்டோம், இந்த இரண்டில்தான் முக்கால்வாசி இருக்கிறது. பசைக்கு மிச்சப் பங்குதான்.

உன் ஹெட்லைட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உடைந்த துண்டின் பின்பக்கத்தைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார். கார் பிளாஸ்டிக்கில் பெரும்பாலும் அது என்ன வகை என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் என்றிருந்தால் எப்போக்ஸி நன்றாகப் பிடிக்கும். பிபி என்றோ பிஇ என்றோ இருந்தால் சாதாரண எப்போக்ஸியை மறந்துவிடு. அவை பாலிப்ரோப்பிலீன், பாலிஎத்திலீன். மெழுகு பூசியதுபோல வழுக்கும் தன்மை உள்ளவை, எதையும் தம்மேல் படிய விடாது. பம்பர், ரேடியேட்டர் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் டப்பா, வீட்டில் வாளி, பேசின், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் அநேகமாக இந்த இனம்தான். காய்ந்ததும் பசை நகம் பட்டாலே தகடாக உரிந்து வரும். அதற்கு வேறு வழி இருக்கிறது: சால்டரிங் இரும்பால் விரிசலின் இரண்டு கரையையும் உருக்கி, மெல்லிய கம்பிவலையை உள்ளே அமுக்கித் தைப்பது. அல்லது சின்ன அலுமினியத் தகட்டை வளைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்குவது. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் நிற்கும்.

ஏபிஎஸ்தான் என்று தெரிந்துவிட்டது, சரி. அப்போதும் உடைந்த இரண்டு முனைகளை அப்படியே முட்டவைத்து ஒட்டாதே. அந்தக் காதின் கனம் எவ்வளவு இருக்கும்? மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. அவ்வளவு ஒடுக்கமான பரப்பில் பசை ஒட்டி, பள்ளமும் மேடுமான தோட்டத்துச் சாலையில் விளக்கின் பாரத்தைத் தாங்க முடியாது. எப்போக்ஸி பக்கவாட்டில் இழுத்தால் நன்றாகத் தாங்கும், ஓரத்திலிருந்து உரித்தால் தாங்காது. அதனால் பரப்பைக் கூட்டு. இரண்டு துண்டுகளும் சேரும் இடத்துக்குப் பின்னால் ஒரு விரல் நீளத்துக்கு ஃபைபர்கிளாஸ் துணியோ மெல்லிய தகடோ வைத்து, அதன்மேல் பசையை நன்றாகப் பூசு. உண்மையில் தாங்கப்போவது அந்தத் தகடுதான்.

இப்போது சுத்தம். இதில்தான் ஆண்பிள்ளைகள் அவசரப்படுகிறீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டு முதலில் எண்ணெய்ப்பிசுக்கை எடு. கழுவாமல் தேய்த்தால் அந்தப் பிசுக்கைச் சொரசொரப்புக்குள் நீயே அழுத்தித் திணிக்கிறாய். காய்ந்ததும் 80 அல்லது 120 நம்பர் சாண்ட்பேப்பரால் பளபளப்பு முழுவதும் போகிற வரை தேய். கடைசியில் மருந்துக்கடை ஆல்கஹாலை வெள்ளைத்துணியில் நனைத்துத் துடை, துணியில் கறை வராத வரைக்கும். பிளாஸ்டிக்கில் தின்னர் வேண்டாம், ஏபிஎஸ் அதில் கரையும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் விரல் படக்கூடாது, விரலில் இருக்கிற எண்ணெயே போதும் ஒட்டைக் கெடுக்க.

கலப்பதில் ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேள். உன் தாத்தா ரப்பர் பால் உறையவைத்தவர். பாலில் ஃபார்மிக் ஆசிட் கூடினால் சீக்கிரம் உறையும், குறைந்தால் மெதுவாக உறையும், அந்தக் கணக்கு நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எப்போக்ஸியில் அந்தக் கணக்கு செல்லாது. அதன் ஒரு குழாயில் ரெசின், இன்னொன்றில் அதை இறுகவைக்கும் ஹார்டனர். ஹார்டனர் பாலில் விடும் ஆசிட் மாதிரி தூண்டிவிடுகிற பொருளில்லை, அதுவே ஒட்டின் ஒரு பாதி. ரெசினின் மூலக்கூறுகளோடு அது ஒன்றுக்கு ஒன்று பின்னிக்கொள்கிறது. சீக்கிரம் காயட்டும் என்று கூட்டிப் போட்டால் ஜோடி கிடைக்காத மிச்சம் உள்ளேயே தங்கிவிடும், ஒட்டு என்றைக்கும் ரப்பர் மாதிரி கொழகொழவென்றே இருக்கும். படகுக்கும் தொட்டிக்கும் போடுகிற பாலியெஸ்டர் ரெசினில் சொட்டுச் சொட்டாகக் கூட்டிக் குறைப்பார்கள், அந்தப் பழக்கத்தோடு இதில் கைவைப்பதால்தான் பலருக்குத் தவறிப்போகிறது. அட்டையில் சம அளவு என்று போட்டிருந்தால் சம அளவுதான். கழுவித் துடைத்த பால்டின் மூடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நீளத்துக்குப் பிதுக்கு, ஐஸ்கிரீம் குச்சியால் ஒரு முழு நிமிடம், ஓரங்களையும் வழித்து வழித்துக் கலக்கு. கோடு கோடாகத் தெரிகிற வரை கலந்தது போதாது.

நம் ஊர் வெயிலையும் நினைத்துக்கொள். சூடு 10 டிகிரி கூடினால் இந்த வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். ஐந்து நிமிடப் பசை என்று அட்டையில் போட்டிருப்பது குளிரூட்டிய அறைக்கான கணக்கு, மத்தியானம் கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே நின்று கலந்தால் அதில் பாதி நேரம்கூடக் கையில் இருக்காது. குழிவான கிண்ணத்தில் நிறையக் கலந்தால் தன் சூட்டிலேயே இன்னும் வேகமாக இறுகும், அதனால்தான் மூடியில் பரப்பச் சொன்னேன். மழை பிடித்த மாலையும் வேண்டாம், ஈரக்காற்றில் பசையின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் கட்டும். காலையில் உட்கார்ந்து செய்.

ஐந்து நிமிடப் பசையை உன் ஹெட்லைட்டுக்குப் போடாதே என்று சொல்வதற்கும் காரணம் வெயில்தான். அந்த வகை ஐம்பது, அறுபது டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். வெயிலில் நிற்கிற காரின் டேஷ்போர்டு அதைச் சுலபமாகத் தாண்டும், என்ஜின் பக்கம் சொல்லவே வேண்டாம். மெதுவாக இறுகும் 24 மணி நேர வகையை வாங்கு. இறுக்கிக் கட்ட பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிக்கொள், ஆனால் பசை முழுவதும் பிதுங்கி வெளியே வருகிற அளவுக்கு நெரிக்காதே, இடையில் மெல்லிய படை ஒன்று இருந்தால்தான் வலு. அப்புறம் மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது. காய்ந்துவிட்டதா என்று ஆட்டிப் பார்ப்பதும் கூடாது.

குத்துவிளக்குக்கு வருகிறேன். பித்தளையில் எப்போக்ஸி நன்றாகப் பிடிக்கும். பல வருஷத்து விளக்கெண்ணெய் மரைக்குள் ஊறியிருப்பதுதான் அதில் சிக்கல். தண்டையும் அடித்தட்டையும் கழற்றி, சோப்புத்தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் மரை முழுவதும் தேய்க்கச் சொல். கழுவிய பிறகு நல்ல தண்ணீர் விட்டுப் பார்: தண்ணீர் படலமாகப் பரவினால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. புளி போட்டு விளக்குவதை ஒட்டிய பிறகு வைத்துக்கொள்ளலாம். பசையை அடி மரையில் மட்டும் போடவேண்டும். திரி எரிகிற மேல்தட்டுக்கு வேண்டாம், பித்தளை சூட்டைக் கடத்தும். இந்த விளக்கை மாற்றிப் புதிது வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. தோட்டத்து லயன் வீட்டிலிருந்து தாமான் குடியிருப்புக்கு வந்தபோது நாங்கள் மடியில் வைத்துக் கொண்டுவந்த விளக்கு அது.

வேண்டவே வேண்டாம் என்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், பெட்ரோல் தொட்டி, பெட்ரோல் குழாய், எதிலும் பசை கிடையாது. எவ்வளவு நல்ல பசையாக இருந்தாலும் கிடையாது. இரும்புத்தூள் கலந்த எப்போக்ஸியைப் பற்றிக் கேட்டிருப்பாய். ஜேபி வெல்ட் என்று டெக்சாஸில் ஒரு ஒர்க்‌ஷாப்காரர் உருவாக்கியது 550 ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 287 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்கிறார்கள். ஆயில் தொட்டியில் மயிரிழை விரிசலுக்கு அது உதவும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலைப்பாகத்துக்கு உதவாது: உள்ளே தண்ணீர் 90 டிகிரிக்கு மேல், அழுத்தம் வேறு. ஒர்க்‌ஷாப் வரை போய்ச் சேர ஒரு வழி, அவ்வளவுதான். வீட்டில் சாப்பாடு படுகிற எதையும் ஒட்டாதே. குவளையின் காதைக்கூட ஒட்டாதே, கொதிக்கும் தேத்தண்ணியோடு கழன்றால் மடியில்தான் விழும்.

கையுறை இல்லாமல் ஆரம்பிக்காதே. கையுறை ஆலையில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், நைட்ரைல் வாங்கு. எப்போக்ஸியால் தோலில் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் அது அநேகமாகப் போகாது, அதற்கப்புறம் கொஞ்சம் பட்டாலே அரிக்கும், தடிக்கும். கையில் பட்டால் தின்னரால் துடைக்கக்கூடாது, அது பசையைத் தோலுக்குள் இறக்கிவிடும். சோப்பும் தண்ணீரும் போதும். இறுகின பசையைத் தேய்க்கும்போது முகக்கவசம் போடு.

மிச்சக் குழாய்களை மூடும்போது மூடிகளை மாற்றிவிடாதே, மாறினால் வாயிலேயே இறுகி இரண்டும் வீண். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ரெசின் சர்க்கரை மாதிரி படிகம் கட்டியிருந்தால் தூக்கி எறிய வேண்டாம், வெந்நீரில் குழாயை நிறுத்தினால் திரும்ப இளகிவிடும். ஹெட்லைட் துண்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, எழுத்து தெரிகிற மாதிரி. அதைப் பார்த்த பிறகு பசை வாங்கலாம்.

அன்புடன்,
உன் அத்தை