சிறு கொதிகலனும் கொதிகலனே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வீட்டிலேயே சிறு நீராவி எஞ்சின் செய்வது பற்றி வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். பல ஆண்டுகளாக லேத்தும் அரமுமாக மாலைப் பொழுதுகளைக் கழித்துவரும் எனக்கு, இந்தக் கைவேலை ஒரு நாளிதழில் இடம்பெற்றதே பெரிய மகிழ்ச்சி. ஆனால், கொதிகலன் செய்யும் முறையைச் சொல்லும் பத்திக்கு வந்தபோது மனம் பதறியது. செம்புக் குழாயின் இரு முனைகளிலும் தகடு வைத்து, சாதாரண சால்டரிங் ஈயத்தால் பற்றவைத்து, தண்ணீர் நிரப்பித் தீயில் வைக்கலாம் என்றும், எஞ்சின் மிகச் சிறியது என்பதால் ஆபத்துக்கு இடமில்லை என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. இதை நம்பி யாரேனும் தீ மூட்டுவதற்கு முன் ஒரு திருத்தம் வெளியாக வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

10 செ.மீ. விட்டமும் 20 செ.மீ. நீளமும் உள்ள ஒரு கொதிகலனை எடுத்துக்கொள்வோம். இரு கைகளால் எளிதாகத் தூக்கிவிடக்கூடிய அளவுதான். அதனுள் ஒரு சதுர செ.மீ.க்கு 5 கிலோ அழுத்தத்தில் நீராவி இருக்குமானால், முனைத்தகடு ஒவ்வொன்றையும் வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய 390 கிலோ. உருளையை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கப் பார்க்கும் விசை 1,000 கிலோ. விட்டம் குறையக் குறைய, அதே அழுத்தத்தைத் தாங்கத் தேவையான தகட்டின் தடிமனும் அதே விகிதத்தில் குறையும் என்பது உண்மையே. மெல்லிய செம்பில் சிறு கொதிகலன் செய்ய முடிவதே அதனால்தான். ஆயினும் அந்தக் கணக்கு, நல்ல தகட்டுக்கும், சுற்றிலும் இடைவெளியின்றிப் பற்றிய இணைப்புக்கும், தட்டையான முனைகள் உப்பிவிடாமல் உள்ளே ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளுக்கும் மட்டுமே பொருந்தும்.

ஈயப்பற்று இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடும். நான் சொன்ன அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 159 டிகிரி செல்சியஸ். வெள்ளீயமும் காரீயமும் கலந்த வழக்கமான சால்டர் கம்பி 183 டிகிரியில் உருகத் தொடங்கும். உருகுவதற்கு வெகு முன்பே அது வலுவிழந்து, இழுவிசையில் மெல்ல நெகிழ்ந்துகொடுக்க ஆரம்பித்துவிடும். தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கி, இணைப்பு நேரடியாகத் தீயின் சூட்டை வாங்கினால் இந்த இரு வெப்பநிலைகளுக்கும் இடையே மிச்சமிருக்கும் இடைவெளியும் சில நொடிகளில் போய்விடும். ஆகவே அழுத்தம் தாங்கும் எந்த இணைப்பும் சில்வர் பிரேசிங் முறையில், 600 டிகிரிக்கு மேல் உருகும் வெள்ளி கலந்த பற்றுக்கம்பியால் செய்யப்பட வேண்டும். காட்மியம் கலந்த கம்பியின் புகை நஞ்சு என்பதால் அது கலவாத கம்பியே நல்லது. வால்வுகளைத் திருகிப் பொருத்துவதற்காகக் கொதிகலனில் பற்றவைக்கும் புஷ் எனப்படும் மரையிட்ட வளையங்களுக்கும் பித்தளை உதவாது, வெண்கலமே வேண்டும். சுடுநீரில் நாளடைவில் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேறி, உலோகம் பொடிந்துபோகும்.

கட்டுரையில் ஒரு சொல்கூட இடம்பெறாத தண்ணீர்ச் சோதனையைப் பற்றி நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கொதிகலனை விளிம்புவரை குளிர்ந்த நீரால் நிரப்பி, உள்ளே ஒரு குமிழி காற்றுகூட இல்லாமல் வெளியேற்றி, கைப்பம்பினால் வேலை அழுத்தத்தின், அதாவது கொதிகலன் வழக்கமாக இயங்கவேண்டிய அழுத்தத்தின், இரண்டு மடங்குவரை ஏற்றி அப்படியே நிறுத்திவைத்துப் பார்ப்பதே அந்தச் சோதனை. நான் செய்த முதல் கொதிகலன் கண்ணுக்குக் குறையே இல்லாமல் இருந்தது. பம்பின் பிடியை அழுத்த அழுத்த, அழுத்தம் காட்டும் கேஜின் முள் 5, 6 என்று ஏறி, 7-ஐத் தொட்டபோது, ஒரு ஸ்டே கம்பியின் ஓரத்தில் கடுகு அளவுக்கு ஒரு நீர்த்துளி பூத்தது. துணியால் துடைத்தேன், மறுபடியும் பூத்தது. முள் மெல்லக் கீழே சரிந்தது. பற்று உருகி ஓடிப் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் அந்த இடத்தில் சரியாகப் பரவாததால், பற்று உள்ளே இறங்காமல் மேலோடு நின்றுவிட்டிருந்தது. சுத்தம் செய்து மறுபடி பற்றவைத்த பிறகு, 10 கிலோவில் அரை மணி நேரம் முள் அசையாமல் நின்றதைப் பார்த்துத்தான் அதற்குத் தீ காட்டத் துணிந்தேன்.

குளிர்ந்த நீர் அழுத்தத்தில் சுருங்குவதில்லை என்றே சொல்லலாம். அதனால் எங்கேனும் விட்டுக்கொடுத்தாலும் ஒரு துளி கசிவதோடு அழுத்தம் இறங்கிவிடும். நீராவி ஏறிய கொதிகலனில் நிலைமை வேறு. 159 டிகிரியில் அடைபட்டிருக்கும் தண்ணீர், ஓடு பிளந்த கணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆவியாக வெடித்துக் கிளம்பும். உள்ளே ஒரு லிட்டர் தண்ணீர் இருந்தால், அதிலிருந்து 150 லிட்டருக்கும் மேற்பட்ட நீராவி ஒரே மூச்சில் வெளிவரும். அழுத்தி அடைத்த காற்றும் இப்படியே ஒரே கணத்தில் விரிந்து வெடிக்கும் என்பதால், காற்றை அடைத்துச் சோதிப்பதும் கூடவே கூடாது.

பாதுகாப்பு வால்வு பற்றியும் ஒரு வார்த்தை. அது திறந்தால் மட்டும் போதாது. எஞ்சினுக்குச் செல்லும் வால்வை மூடிவிட்டுத் தீயை முழு வேகத்தில் எரியவிட்டாலும், வேலை அழுத்தத்துக்கு மேல் பத்தில் ஒரு பங்குக்கு அதிகமாக ஏறவிடாமல், உண்டாகும் நீராவி முழுவதையும் அதுவே வெளியேற்ற வேண்டும். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் மிக மெல்லியதாக இருந்தால், தண்ணீர் அதில் ஒட்டி நின்று பொய் மட்டம் காட்டும் என்பதையும் புதிதாகச் செய்பவர்கள் அறிந்திருப்பது நல்லது.

சிறியதாகச் செய்வதால் எல்லாம் ஒரே விகிதத்தில் சிறுத்துவிடும் என்ற எண்ணமே கட்டுரையின் பிழைக்குக் காரணம் என்று நினைக்கிறேன். பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு சிலிண்டரைச் செய்தால், அதன் பரப்பு நூறில் ஒரு பங்காகவும் கொள்ளளவு ஆயிரத்தில் ஒரு பங்காகவும் ஆகிவிடும். ஆகவே உள்ளே வரும் நீராவியைக் குளிர்விக்கும் சுவர், அந்த நீராவியின் அளவோடு ஒப்பிட்டால் பத்து மடங்கு கூடிவிடும். ஜேம்ஸ் வாட் இதை ஒரு மாதிரி எஞ்சினில்தான் கண்டார். 1763-64 குளிர்காலத்தில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான, நியூகோமன் எஞ்சின் என்ற பழைய வகை நீராவி எஞ்சினின் சிறு மாதிரி ஒன்று பழுதுபார்க்க அவரிடம் வந்தது. 2 அங்குல விட்டமுள்ள அதன் சிலிண்டர், போதுமான கொதிகலன் இருந்தும், பிஸ்டன் சில முறை ஏறி இறங்கியதுமே நின்றுபோனது. நீராவி எங்கே வீணாகிறது என்று அவர் விடாமல் தேடியதன் பயனாகத்தான் 1765-இல் நீராவியைச் சிலிண்டருக்கு வெளியே குளிர்விக்கும் தனிக் குளிர்விப்பான் என்ற எண்ணம் பிறந்தது. 1769-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கட்டுரை தலைப்பிலேயே "விளையாட்டுப் பொருள்" என்று குறிப்பிடும் இந்தச் சிறு எஞ்சினுக்கு அப்படியொரு வரலாறு உண்டு.

இக்கடிதத்தைப் படித்து யாரும் ஆசையைக் கைவிட்டுவிடக் கூடாது. கொதிகலனே இல்லாமல் இந்தக் கலையைத் தொடங்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. தனி வால்வு ஏதும் இல்லாமல், தானே இப்படியும் அப்படியும் ஆடி நீராவித் துளையைத் திறந்து மூடும் ஆடும் சிலிண்டர் எஞ்சினை முதலில் செய்து, குறைந்த அழுத்தத்தில் காற்று கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். அதன் உயிர், சிலிண்டரும் தாங்கு பலகையும் உரசும் அந்த ஒரு முகத்தில்தான் இருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் நுண்ணிய எமரித் தாளை விரித்து, முகம் முழுவதும் ஒரே சாம்பல் நிறம் படியும்வரை வட்டவட்டமாகத் தேய்க்க வேண்டும். பளபளக்கும் புள்ளி ஒன்று மிஞ்சியிருந்தால் அது பள்ளம். அதன் வழியாகக் காற்று கசியும். தேய்த்து முடித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஃப்ளைவீலை விரலால் தட்டிவிட்டதும் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும் அந்த நிமிடத்தை எத்தனை எஞ்சின் செய்தாலும் மறக்க முடியாது. கொதிகலனை அதன் பிறகு, அனுபவமுள்ள ஒருவரின் துணையோடு, சோதிக்கப்பட்ட வரைபடத்தைப் பின்பற்றிச் செய்துகொள்ளலாம்.

எனவே, ஈயப்பற்று குறித்த குறிப்பைத் திரும்பப் பெற்று, சில்வர் பிரேசிங், இரு மடங்கு தண்ணீர்ச் சோதனை, பாதுகாப்பு வால்வு ஆகிய மூன்றும் கட்டாயம் என்ற திருத்தத்தை, கட்டுரை வந்த அதே பக்கத்தில், அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்