வெங்காய வேரும் சீனியர் ரெக்கார்டும்

அன்புள்ள கயல்விழிக்கு,

"வெங்காய வேர் நுனியை நசுக்கிப் பார்த்தோம் பெரியம்மா. வெறும் சிவப்புப் புள்ளிகள்தான் தெரிகின்றன. புத்தகத்தில் இருக்கும் செல் பிரிதலின் நான்கு நிலைகளும் கிடைக்கவில்லை. எல்லோரும் சீனியர் அக்காவின் ரெக்கார்டைப் பார்த்து வரைகிறார்கள். நானும் வரைந்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். தாவரவியல் ஆய்வகத்திலேயே காலம் கழித்து ஓய்வுபெற்றவளிடம் இதைக் கேட்டால் சுருக்கமான பதில் வராது. உன்னைப்போல் கேட்கும் பிள்ளைகள் நிறைய இருப்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புள்ளிகள். அவை இடைநிலையில், அதாவது இன்னும் பிரியத் தொடங்காத நிலையில், இருக்கும் செல்களின் உட்கருக்கள். வேர் நுனியை எப்போது எடுத்துப் பார்த்தாலும் பெரும்பாலான செல்கள் அப்படித்தான் இருக்கும். ஒரு செல் தன் காலத்தில் பெரும்பகுதியை அந்த நிலையில்தான் கழிக்கிறது. டிஎன்ஏவை இரட்டிப்பாக்கிக்கொள்வதும் அப்போதுதான். பிரிவதற்கு ஆகும் நேரம் கொஞ்சம். அதிலும் முதல் நிலையான புரோஃபேஸ் நீளமானது, மூன்றாவதான அனாஃபேஸ் சட்டென்று முடிந்துவிடும். அதனால்தான் புரோஃபேஸ் எளிதாகக் கண்ணில் படுகிறது, அனாஃபேஸைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. நுண்ணோக்கியில் தெரியும் செல்களை நிலைவாரியாக எண்ணி எழுதிப் பார். எந்த நிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று நீயே ஊகித்துவிடலாம். புத்தகத்தில் நான்கு படங்களையும் ஒரே அளவில் வரிசையாக அச்சிட்டுவிடுகிறார்கள். இந்த நேரக் கணக்கு அங்கே காணாமல் போய்விடுகிறது. சீனியர் அக்காவின் ரெக்கார்டிலும் அது இருக்காது.

பிரியும் செல் ஒன்றுகூடத் தென்படவில்லை என்றால், வேரில் எந்த இடத்தை எடுத்தாய் என்று பார்க்க வேண்டும். கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில்தான் பிரிதல் நடக்கிறது. அதற்கு மேலே இருப்பவை நீண்டு வளரும் செல்கள். அவற்றை எவ்வளவு நசுக்கினாலும், டிஎன்ஏவைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் தெரியாது. அமிலத்தில் இளக்கி அசிட்டோகார்மைன் என்னும் சிவப்புச் சாயத்தில் ஊறவைத்த வேரைக் கவனி. நுனி மட்டும் ஆழ்ந்த சிவப்பாக இருக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பிளேடால் வெட்டி எறிந்துவிடு. பிள்ளைகள் பலர் 'பெரிய துண்டாக இருந்தால் நிறையத் தெரியும்' என்று முழு வேரையும் ஸ்லைடில் வைத்துவிடுவார்கள்.

ஸ்லைடை ஸ்பிரிட் விளக்கின் மேல் காட்டும்போது சாயம் கொதிக்கக் கூடாது. புறங்கையில் வைத்தால் பொறுக்கும் அளவு சூடு போதும். ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்சிலிப்பின் மேல் ஊசியின் கைப்பிடியால் மெல்லத் தட்டு. பிறகு ஒட்டுத்தாளை மடித்து மேலே வைத்து, கட்டைவிரலால் நேர்கீழாக அழுத்து. கவர்சிலிப் பக்கவாட்டில் இம்மி நகர்ந்தாலும் செல்கள் விளக்குத்திரிபோல உருண்டுவிடும். 10 மடங்கு லென்ஸில் ஸ்லைடு முழுவதையும் துழாவி நல்ல இடத்தைக் கண்டுபிடித்த பிறகே 40க்குப் போ. எடுத்தவுடன் 40இல் தேடுகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கறுத்த விளிம்புள்ள காற்றுக்குமிழிதான். அதையும் செல் என்று வரைந்து பெயர் குறித்துவிடுவார்கள்!

இனி, பார்த்து வரைவது பற்றி. மனிதச் செல்லில் 46 குரோமோசோம்கள் என்று இன்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். 1950களின் நடுப்பகுதி வரை பாடநூல்களில் அது 48. அமெரிக்க விலங்கியலாளர் தியோஃபிலஸ் பெயின்டர் 1921இல், மிகத் தெளிவாக இருந்த செல்களில் தாம் கண்டது 46தான் என்று எழுதியவர். அவரே 1923இல் 48 என்று முடிவு கட்டினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த எண் நின்றது. பிறகு எண்ணியவர்களும் 48 என்றே எழுதினார்கள். 1952இல் டி. சி. ஷூ என்னும் செல் ஆய்வாளர், உப்புச் செறிவு குறைந்த கரைசலில் செல்களை ஊறவைத்தால் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்காமல் விலகி விரியும் என்று கண்டார். கரைசல் கலப்பதில் நேர்ந்த பிசகால் தற்செயலாகக் கிடைத்த வழி அது. அவ்வளவு தெளிவான ஸ்லைடுகளை வைத்துக்கொண்டு அவரும் 48 என்றே எழுதினார். கண்முன் இருப்பதைவிடப் புத்தகத்தில் இருப்பதற்கு அவ்வளவு பலம்.

1955 டிசம்பரில் ஸ்வீடனின் லுண்ட் நகரில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் சியோ, கருவின் நுரையீரல் செல்களில் எண்ணினார். 46. மறுபடி மறுபடி 46. ஆல்பர்ட் லெவனும் அவரும் சேர்ந்து 1956இல் அதை வெளியிட்டார்கள். இருவருமே தாவரக் குரோமோசோம்களில் கைதேர்ந்தவர்கள். கோல்சிசின் என்னும் மருந்து வெங்காய வேரில் செல் பிரிதலை எப்படி நிறுத்துகிறது என்று லெவன் 1938இலேயே எழுதியிருந்தார். அதே கோல்சிசினும், ஷூவின் கரைசலும், நீ செய்ததுபோல் கவர்சிலிப்பின் கீழ் நசுக்குவதும்தான் மனிதச் செல்லுக்கும் கைகொடுத்தன. வெங்காய வேரைச் சிறுபிள்ளைச் சோதனை என்று உன் வகுப்பில் யாராவது சொன்னால் இதைச் சொல்.

நீ இருப்பது கோயம்புத்தூர். அங்குள்ள கரும்பு இனப்பெருக்க நிலையத்தில்தான் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து, ஆங்கில ஆய்வாளர் டார்லிங்டனுடன் 1945இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார்; அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் யாரோ ஒருவர் நுண்ணோக்கியில் கண் வைத்து எண்ணிய உழைப்பு இருக்கிறது.

ரெக்கார்டுக்கு மதிப்பெண் உண்டு, படம் அழகாக இருந்தால்தான் கையெழுத்து கிடைக்கும் என்பாய். தெரியும். அந்த வழக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது; ஆனால் அதோடு சண்டை போட்டு உன் மதிப்பெண்ணைக் கெடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். அப்சர்வேஷன் நோட்டில் உன் ஸ்லைடில் தெரிந்ததைப் பென்சிலால் வரை. உருப்பெருக்கத்தையும், எத்தனை செல்களில் எத்தனை பிரிந்துகொண்டிருந்தன என்பதையும் பக்கத்தில் எழுது. அனாஃபேஸ் கிடைக்காவிட்டால் துறையில் இருக்கும் நிலையான ஸ்லைடைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அதிலிருந்து வரைந்தேன் என்று குறிப்பிட்டுவிடு. ரெக்கார்டை அந்த நோட்டிலிருந்து அழகாக எழுதிக்கொள்.

அடுத்து ரியோ என்னும் அழகுச்செடியின் இலையை வைத்துச் செய்யும் சோதனை வரும். அடிப்பக்க ஊதாத் தோலை உரித்து உப்புக் கரைசல் விட்டால், ஊதா நிறம் செல்சுவரை விட்டு விலகிச் சுருங்குவது சாயமே இல்லாமல் தெரியும். அதற்கு ரெக்கார்டு பார்க்கும் அவசியமே வராது.

வீட்டில் மறுபடி வேர் விட நினைத்தால் சின்ன வெங்காயமே போதும். அதற்கும் குரோமோசோம் 16தான். அடியில் காய்ந்த வேர்களைச் சுரண்டிவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் படும்படி சிறிய பாட்டிலின் வாயில் வை. தண்ணீரைத் தினமும் மாற்று. பல்லாரியை எடுத்து வரிசையாக வைத்தால் உன் அம்மா என்னைத்தான் திட்டுவாள்.

அன்புடன்,
பெரியம்மா