பெரிய மீனின் கண் திறந்திருந்தது

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறேன். சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்தவளை வீட்டில் யாரும் பேனாவைத் தொட விடவில்லை. இப்போது நலம். மறுநாள் கட்டைப் பிரித்ததும் நீல நிறத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். புரை முற்ற முற்றக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளித்துப்போய் நீலத்தை உள்ளே விடாதாம். வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் போனதால், போனதே எனக்குத் தெரியவில்லை. பேரனின் படப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, இடது கண்ணை ஒரு தரம், வலது கண்ணை ஒரு தரம் என்று மூடி மூடிப் பார்த்தேன். ஒரே வானம்தான். இடது கண்ணுக்குப் பழைய காகிதம் மாதிரி இருந்தது. வலது கண்ணுக்கு நீலமோ நீலம்.

மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள், பகலெல்லாம் பேத்தி உன் பொறுப்பு என்று எழுதியிருந்தாய். முழங்கால் வலியோடு மூன்று வயதுக் குழந்தையின் பின்னால் ஓடுவது லேசான காரியமா? உட்கார்ந்த இடத்தில் அவளோடு இருக்க ஒரு வழி வேண்டும், புதிதாக வந்த படப் புத்தகங்களில் எதைக் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். கூடவே ஒரு குறை: "முழுசா வாசிக்க விடமாட்டேங்கிறா. ஒரே பக்கத்துல கால் மணி நேரம் உட்கார்றா, அடுத்த நாலு பக்கம் ஒரே புரட்டு."

அது குறையே இல்லையடி. அவளும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். நீ எழுத்தை வாசிக்கிறாய், அவள் படத்தை வாசிக்கிறாள். இரண்டின் வேகமும் வேறு. எனக்கு இது பிடிபட்டது பேரனிடம்தான்.

ஜான் கிளாசென் எழுதி வரைந்த 'திஸ் இஸ் நாட் மை ஹேட்' என்று ஒரு புத்தகம், 2012-ல் வந்தது. சின்ன மீன் ஒன்று, தூங்கும் பெரிய மீனின் தொப்பியைத் திருடித் தலையில் வைத்துக்கொண்டு நீந்திப் போகிறது. கதை முழுக்க அந்தத் திருட்டு மீன்தான் பேசுகிறது. பெரிய மீன் இப்போதைக்கு எழுந்திருக்காது என்று அது சொல்கிற இடத்தை நான் தமிழில் சொல்லிவிட்டு, பக்கத்தைத் திருப்பப் போனேன். பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "இல்ல பாட்டி! கண்ணு தெறந்திருக்கு பாரு!" பார்த்தேன். கறுத்த தண்ணீரில், பக்கத்தையே அடைத்துக்கொண்டு பெரிய மீன். அகலத் திறந்த கண். நான் எழுத்தின் மேலேயே கண்ணாக இருந்ததில் அதைத் தவறவிட்டேன். எழுத்து தெரியாத நாலு வயதுக்காரன் பிடித்துவிட்டான்.

அந்தப் புத்தகத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. மீன் ஒன்றைச் சொல்கிறது, படம் வேறொன்றைக் காட்டுகிறது. எது உண்மை என்று கண்டுபிடிக்கிற பெருமை முழுவதும் குழந்தைக்கு. குழந்தைப் புத்தக ஓவியத்துக்கென்று கொடுக்கும் இரண்டு பெரிய விருதுகளான அமெரிக்காவின் கால்டெகாட் பதக்கத்தையும் பிரிட்டனின் கேட் கிரீனவே பதக்கத்தையும் சேர்த்து வாங்கிய முதல் புத்தகம் அது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்கு.

இந்த வித்தை புதிதல்ல. பேட் ஹட்சின்ஸ் 1968-லேயே 'ரோஸீஸ் வாக்' என்று ஒன்று செய்திருக்கிறார். மொத்தம் 32 வார்த்தைகள், அதுவும் ஒரே வாக்கியம். ஒரு கோழி உலாவப் போய்த் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். ஆனால் படத்தில் முதலிலிருந்தே பின்னால் ஒரு நரி. நரி என்ற சொல் புத்தகத்தில் எங்குமே கிடையாது.

பக்கம் புரட்டுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம் இருப்பதைக் கவனித்திருக்கிறாயா? பெரிய தாளில் அச்சிட்டு மடித்தால் 16 பக்கம் ஒரு ஃபாரம், இரண்டு ஃபாரம் சேர்ந்தால் 32. தலைப்புப் பக்கமெல்லாம் போக, கதைக்குப் பதினைந்து புரட்டல்கூடத் தேறாது. அதனால் எந்த விஷயத்தை எந்தப் புரட்டலுக்குப் பின்னால் ஒளித்து வைப்பது என்று படைத்தவர் கணக்குப் போட்டு வைத்திருப்பார். புரட்டும் வேலையைப் பேத்தியிடம் கொடுத்துவிடு. முழங்காலுக்கும் விரலுக்கும் ஓய்வு.

புரட்டலை மட்டுமே வைத்து ஒரு புத்தகம் இருக்கிறது. எர்வே துல்லே என்ற பிரெஞ்சுக்காரர் 2010-ல் செய்தது, ஆங்கிலத்தில் 'பிரெஸ் ஹியர்'. வெள்ளைத் தாளில் ஒரு மஞ்சள் பொட்டு. அதை அழுத்திவிட்டுப் புரட்டினால் இரண்டு பொட்டு. தேய்த்தால் நிறம் மாறுகிறது, சாய்த்தால் எல்லாம் ஓரத்துக்கு உருளுகின்றன, கை தட்டினால் பெரிதாகின்றன. வெறும் காகிதம்தான். மின்கலமும் இல்லை, சத்தமும் இல்லை. மூன்று வயதுக்கு இது கச்சிதம். பொத்தானை அமுக்கினால் தானாகப் பாடுகிற புத்தகங்களை மட்டும் தயவுசெய்து வாங்காதே. அங்கே புத்தகமே பேசிவிடுகிறது, உனக்கும் அவளுக்கும் பேச ஒன்றும் மிச்சம் இருக்காது.

அடுத்தது பிரெண்டன் வென்செலின் 'தே ஆல் சா எ கேட்', 2016. ஒரு பூனை நடந்து போகிறது, வழியில் ஒவ்வொன்றும் அதைப் பார்க்கிறது. எலியின் கண்ணுக்கு அது பல்லும் நகமுமான ராட்சதன். கண்ணாடித் தொட்டி மீனுக்கு இரண்டு பெரிய மங்கலான கண்கள். தேனீக்கு வெறும் புள்ளிகள். தெள்ளுப்பூச்சிக்கோ ரோமக் காடு. கண் சிகிச்சை முடிந்த வாரத்தில் இதைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். பேரன் இரண்டு நாள் வீட்டில் தவழ்ந்து திரிந்து, எறும்புக்கு நாற்காலி எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

எனக்கு மிகப் பிடித்ததை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். கார்சன் எல்லிஸின் 'டு இஸ் டாக்?', அதுவும் 2016-ல் வந்ததுதான். பூச்சிகள் சில, மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு முளையைச் சுற்றி நிற்கின்றன. அவை பேசுவது பூச்சி மொழி, முழுக்க முழுக்க எழுதியவர் உண்டாக்கியது. "டு இஸ் டாக்?" என்கிறது ஒன்று. "மா நாசூட்" என்கிறது இன்னொன்று. அர்த்தம் எங்கும் கொடுக்கவில்லை. பேரன் உடனே சொன்னான்: "இது என்னன்னு கேக்குது. அது தெரியலங்குது." யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவனுக்கு? முகத்தைப் பார்த்தான், கை காட்டும் திசையைப் பார்த்தான், தெரிந்துகொண்டான். பிறந்த குழந்தை தாய்மொழியைப் பிடிப்பதும் இப்படித்தானே! ஆறாம் வகுப்பில் நீயும் நானும் 'க' பாஷை பேசி ஆசிரியையைக் கலங்கடித்தது ஞாபகம் வந்தது. ஓரத்தில் ஒரு புழு கூட்டுக்குள் போய்விடுகிறது. அதை யாரும் சட்டை செய்வதில்லை, அதற்கென்று ஒரு கதை ஓடிக்கொண்டே இருக்கிறது. உன் பேத்திக்கு இது சற்று முன்கூட்டியாக இருக்கலாம். இருந்தாலும் வாங்கி வை. இதில் உனக்கும் ஆங்கிலம் தேவைப்படாது, அவளுக்கும் தேவைப்படாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேத்யூ கார்டெலின் 'வுல்ஃப் இன் தி ஸ்னோ' (2017) கிட்டத்தட்ட வார்த்தையே இல்லாதது. பனியில் வழி தவறிய சிறுமி, வழி தவறிய ஓநாய்க் குட்டி. கதையை நீ சொல்லலாம், மறுநாள் அவள் சொல்லட்டும். டக் சலாட்டியின் 'ஹாட் டாக்' (2022) வெயிலும் இரைச்சலும் தாங்காமல் நடுத்தெருவில் அடம் பிடித்து உட்கார்ந்துவிடும் நாயைப் பற்றியது. அடம் பிடிக்கும் வயதில் இருப்பவளுக்கு அந்த நாயை நன்றாகவே புரியும். வாஷ்டி ஹாரிசனின் 'பிக்' (2023) இன்னும் இரண்டு மூன்று வருடம் போகட்டும். "எவ்வளவு பெரிசா வளர்ந்துட்டா!" என்று கொஞ்சின அதே சொல், கொஞ்ச காலம் கழித்து ஒரு சிறுமியைக் குத்த ஆரம்பிக்கிறது. படத்தில் அவள் பக்கத்துக்குள் அடங்காமல் முட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் அழுதுவிட்டேன்.

ஒரே புத்தகத்தை நாற்பது தடவை கேட்கிறாள் என்று அலுத்துக்கொண்டாயே, அதற்கும் ஒரு செய்தி. 2011-ல் பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் மூன்று வயதுக் குழந்தைகளில் சிலருக்கு ஒரே கதைகளைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், மற்றவர்களுக்கு வேறு வேறு கதைகளை வாசித்தார்கள். புதுச் சொற்கள் இரு பக்கமும் அதே எண்ணிக்கையில்தான் காதில் விழுந்தன. ஆனால் ஒரே கதையைத் திரும்பக் கேட்ட பிள்ளைகள்தான் அவற்றை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கதை அடுத்து எங்கே போகும் என்ற கவலை தீர்ந்த பிறகு சொல்லைக் கவனிக்கலாம் அல்லவா?

ஆங்கிலப் புத்தகமாயிற்றே என்று தயங்காதே. வரிக்கு வரி மொழிபெயர்க்காமல், படத்தைப் பார்த்து உன் வாயில் வருகிற தமிழில் சொல். பள்ளியில் நீ கதை சொன்னால் மூன்று பெஞ்சு திரும்பி உட்காருமே, அந்தக் குரல் இன்னும் இருக்கும். தமிழிலேயே வேண்டுமென்றால், பிரதம் புக்ஸ் என்ற குழந்தைப் புத்தகப் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய, கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. முதல் நிலைக் கதைகளில் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். அவளுக்குக் காட்டுமுன் நீ ஒரு தரம் பார்த்துவிடு, எல்லாமே ஒரே தரமாக இருக்காது. கடைசிப் பக்கத்தில் "ஆகவே குழந்தைகளே" என்று தொடங்குவதை ஒதுக்கிவிடு. பேத்தி படத்தில் கண்டுபிடித்ததை அந்த ஒரு வரி வந்து அழித்துவிடும்.

அடுத்த மாதம் இடது கண்ணுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் எனக்கு ஒரு பதில் வேண்டும். அந்த மீன் புத்தகத்தில் நண்டு ஒன்று வரும். தொப்பித் திருடன் எந்தப் பக்கம் போனான் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அது வாக்குக் கொடுத்திருப்பதாக மீன் சொல்லும். அடுத்த பக்கத்தைப் பேத்தி புரட்டியதும் நீ வாயைத் திறக்காதே, எண்ணி பத்து நொடி பொறு. அவள் என்ன சொன்னாளோ அதை அப்படியே, அவள் மழலையிலேயே எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி