அந்தக் காரணத்துக்காக விடாதே, கண்ணு

கோபிசெட்டிபாளையம்

அன்புக் கண்ணு,

வானொலி வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். அதற்கு இரண்டு காரணங்கள் சொல்லியிருக்கிறாய். நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த அரசுப் பணம் நின்றுவிட்டது என்பது ஒன்று. உன் ஆங்கிலத்தில் வேற்றூர் வாடை அடிக்கிறது, செய்தி சொல்ல வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று நேயர் ஒருவர் எழுதியது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். எனக்கு அவை ஒன்றாகத் தெரியவில்லை.

பணத்தைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. 2025 ஜூலையில் உங்கள் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டதையும், அதைப் பிரித்துக் கொடுத்துவந்த கழகம் அடுத்த மாதமே மூடப்போவதாக அறிவித்ததையும் இங்கேயும் படித்தோம். பெருநகர நிலையங்கள் நேயர்களின் நன்கொடையில் சமாளித்துக்கொள்ளும். சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் உன்னுடையதைப் போன்ற நிலையங்களுக்குத்தான் அடி பலமாக விழும். வாடகையும் சாப்பாடும் கட்டுப்படியாகாது என்றால் வேறு வேலைக்குப் போ. நானும் அப்பாவும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம்.

இரண்டாவது காரணத்துக்காக மட்டும் போகாதே.

நீ மதிக்கும் வானொலித் தொகுப்பாளர் சூசன் ஸ்டாம்பெர்க் 2025 அக்டோபரில் காலமானபோது எனக்கு ஃபோன் செய்து அழுதாய். அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான மாலைச் செய்தி நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய முதல் பெண் அவர் என்று சொன்னாய். 1972இல் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார். அவருடைய பேச்சில் நியூயார்க் வாடை தூக்கலாக இருக்கிறது என்று சில நிலைய மேலாளர்கள் புகார் செய்தார்கள் என்பதையும், நிகழ்ச்சியை வடிவமைத்த இயக்குநர் அந்தப் புகார்களை வெகுகாலம் அவர் காதுக்கே கொண்டுபோகவில்லை என்பதையும் நீதான் சொன்னாய். நீங்கள் நீங்களாகவே இருங்கள் என்பதுதான் அவருக்குக் கிடைத்த ஒரே அறிவுரையாம். ஆண்டுதோறும் நவம்பரில் மாமியார் கைப்பக்குவத்தில் கிரான்பெர்ரித் தொக்கு செய்வது எப்படி என்று ஒலிபரப்பில் சொல்லி, அதையும் நேயர்கள் எதிர்பார்க்கும்படி செய்தவர் அவர். இவ்வளவையும் எனக்குச் சொன்ன நீ ஒரு கடிதத்துக்குக் கலங்கலாமா?

தெளிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரோஜ் நாராயணசுவாமி டெல்லியிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ச் செய்தி வாசித்தார். பம்பாயில் வளர்ந்தவர். அவர் வாசித்தால், பக்கத்து வீட்டில் ஓடும் வானொலியாக இருந்தாலும் ஒரு சொல் சிதறாமல் நம் வாசலுக்கு வந்து சேரும். உன் பேச்சில் ஒரு சொல் புரியவில்லை என்று யாராவது எழுதினால் உடனே திருத்திக்கொள், அது உன் கடமை. எல்லாம் புரிந்த பிறகும் உன் ஊர் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், அதில் நீ திருத்த என்ன இருக்கிறது?

கோவை வானொலி நிலையம் 1966இல் வந்தது. உன் அப்புச்சி தபால் ஆபீஸில் ஆண்டுதோறும் லைசென்ஸ் பணம் கட்டி ஒரு வால்வு ரேடியோ வைத்திருந்தார். அவருக்குப் பாட்டு வேண்டாம். பவானிசாகர் நீர்மட்டம் வேண்டும், விவசாய நிகழ்ச்சி வேண்டும். முழு மட்டமான 105 அடிக்கு அணை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று தெரிந்தால்தான் தடப்பள்ளி வாய்க்காலை நம்பி நாற்று விடலாமா என்று முடிவு செய்ய முடியும். அந்த நிகழ்ச்சியில் அதிகாரிகள் எழுதி வைத்துப் படித்ததை மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். நம் பக்கத்து விவசாயி ஒருவர் "ஏனுங்க" என்று தொடங்கிவிட்டால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ரேடியோ அருகில் வந்து உட்கார்ந்துவிடுவார். மண்ணில் கால் வைத்தவன் பேசுகிறான் என்ற நம்பிக்கை அது. தஞ்சைப் பக்கம் வானொலியில் கேட்டுப் பயிரிட்ட ஆடுதுறை 27 ரகத்துக்கு ரேடியோ நெல் என்றே பேர் விழுந்ததும் அப்படிப்பட்ட நம்பிக்கையால்தான்.

அந்த நம்பிக்கை அறுந்துபோவதையும் பார்த்திருக்கிறோம். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தியைக் காலையில் சுட்டார்கள். அவர் இறந்துவிட்டார் என்று லண்டன் வானொலி பகலிலேயே சொல்லிவிட்டது. நம் வானொலி மாலையில்தான் சொன்னது. அலைவரிசை மக்களின் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 1997இல் அரசு வானொலியை நடத்தத் தன்னாட்சி அமைப்பாகப் பிரசார் பாரதி வந்தது. ஆனாலும் இன்றுவரை இங்கே தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி திரட்டி ஒலிபரப்ப அனுமதி இல்லை. நீயோ உன் கேள்வியை நீயே எழுதி, நீயே போய்க் கேட்டு, அன்றைக்கே ஊருக்குச் சொல்கிறாய். அந்த இடம் லேசில் கிடைப்பதில்லை, கண்ணு.

போன வாரம் உன் காலை நிகழ்ச்சியை இங்கே மாலையில் செல்போனில் கேட்டோம். சோளம் போட்ட அந்தப் பெரியவரிடம், விதைக்கு வாங்கிய கடனில் இன்னும் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டாய். அவர் பேசவில்லை. நீ அடுத்த கேள்விக்குத் தாவவில்லை, வெட்டி எடுக்கவும் இல்லை. அவராகத் தொகையைச் சொன்னார். பிறகு மனைவிக்கு அது இன்னும் தெரியாது என்றும் சொன்னார். அப்பா எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். ஏக்கருக்கு என்ன விளைச்சல் என்று யார் வேண்டுமானாலும் கேட்பார்கள். கடனில் எவ்வளவு நிற்கிறது என்பது, மஞ்சள் விலை விழுந்த ஆண்டுகளில் வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் தணிந்த குரலில் பேசியதைக் கேட்டு வளர்ந்த பெண் கேட்கும் கேள்வி. உன் பேச்சின் வாடையும் அந்தக் கேள்வியும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒன்றைக் கழுவித் துடைத்தால் மற்றது மிஞ்சும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த நேயருக்கு மரியாதையாக ஒரு பதில் எழுது. எந்தச் சொல் புரியவில்லை என்று கேள். அதோடு விட்டுவிடு.

உங்கள் நிலையம் நேயர்களிடம் நன்கொடை கேட்கும் வாரம் எப்போது வருகிறது? இந்தியாவிலிருந்து வங்கி அட்டை மூலம் பணம் அனுப்பினால் எடுத்துக்கொள்வார்களா என்று அப்பா கேட்கச் சொன்னார். உன் அம்மா அப்பா என்று போடாமல், கோபியிலிருந்து இரண்டு நேயர்கள் என்றுதான் போட வேண்டுமாம். விவரம் எழுது.

அன்புடன்,
அம்மா