ஆகஸ்ட் இரவில் அந்துப்பூச்சிக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆகஸ்டில், அதாவது இங்கே குளிர்கால முடிவில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் தோட்டங்களில் அந்துப்பூச்சியே இல்லை என்பது சரியல்ல. கணக்கெடுக்க, நிலா இல்லாத, காற்றடங்கிய, மேகம் மூடிய இரவாகப் பாருங்கள். வானம் மேகமின்றித் தெளிந்திருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும், 10 டிகிரிக்குக் கீழே பறப்பவை குறைவு. வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டி, முன்னால் புற ஊதா விளக்கு வையுங்கள். மஞ்சள் எல்இடி உதவாது.

விளக்குக்கு வராதவற்றுக்குக் கனிந்த வாழைப்பழம் 2, பழுப்புச் சர்க்கரை அரைக்கிலோ, கொஞ்சம் பீர். கெட்டியாகக் காய்ச்சி, பொழுது சாயும்போது மரப்பட்டையில் பூசவேண்டும். நீர்த்துவிட்டால் வழிந்தோடி எறும்புக்குத்தான் விருந்து.

வந்த பூச்சிகளின் எண்ணிக்கையைத் தேதி, நேரம், வெப்பநிலையோடு குறித்து, ஒன்றும் வராத இரவையும் பூஜ்யம் என்று எழுதுங்கள். பலர் விடுவது இதைத்தான். விடியுமுன் விளக்கை அணைத்து, பூச்சிகளைப் புதருக்குள் விடுங்கள். தாமதித்தால் மைனா முந்திக்கொள்ளும்.

வாசகர், சாட்ஸ்வர்த்