மூன்று முறை இடம் மாறிய விளக்கு

மயிலாப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி, விடுமுறைக்குப் பேரன் வந்தது என்று நாள் ஓடிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். பொடி எழுத்தும் தெரிகிறது என்று எழுதியிருந்தாயே, அந்தத் தைரியத்தில் இன்று கொஞ்சம் நீட்டுகிறேன்.

இன்று சாயங்காலம் பேரனை மெரினா லைட் ஹவுஸுக்கு அழைத்துப்போனேன். இத்தனை வருஷம் நமக்கு அது ஒரு பஸ் ஸ்டாப்பிங்தானே! லிஃப்ட் இருந்ததால் என் முழங்கால் தப்பியது. மேலே சரியான கடல்காற்று. ஒரு கையில் வேட்டி, இன்னொரு கையில் பையனின் சட்டைக் காலர். "தாத்தா, இது எப்பக் கட்டினது?" என்றான். 1977 என்றேன். "அதுக்கு முன்னாடி கப்பலெல்லாம் எப்படி வந்துச்சு?"

அதைச் சொல்ல என்னைவிட்டால் யார்? நாற்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக ஹைகோர்ட்டில் கட்டுச் சுமந்தவன். பழைய விளக்குகளில் இரண்டு அந்த வளாகத்துக்குள்ளேதானே இருந்தன.

முதல் விளக்கு 1796இல், கோட்டைக்குள். இப்போது மியூசியமாக இருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடியில் தேங்காய் எண்ணெய் விளக்குகளை ஏற்றினார்கள். அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில்தான் ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். கவர்னருக்கும் அதே கதிதான்.

இரண்டாவதுதான் என் செல்லம். ஹைகோர்ட் வளாகத்தில் நிற்கிறதே, கிரேக்கக் கோயில் தூண் மாதிரி ஒற்றைக் கல்தூண், அது. 125 அடி. பல்லாவரத்துக் கருங்கல். 1838இல் ஆரம்பித்து 1844இல் விளக்கு ஏற்றினார்கள். ஐம்பது வருஷம் எரிந்தது. அதன் பக்கமாக எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பேன்! வெயில் நேரத்தில் அதன் நிழலில் நின்று வக்காலத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறேன். ஒருநாளாவது அண்ணாந்து முழுசாகப் பார்த்திருப்பேனா? ரிடையர் ஆன பிறகுதான் அதற்கென்றே ஒருநாள் போனேன். அடிக்கல்லில் கை வைத்தால் பிற்பகல் மூன்று மணிக்குத் தோசைக்கல் மாதிரி சுட்டது.

1892இல் ஹைகோர்ட்டைக் கட்டி முடித்தார்கள். அதன் பெரிய கோபுரம் தூணைவிட உயரம் என்பதால் 1894இல் விளக்கு அங்கே ஏறிவிட்டது. கீழே வாய்தா, மேலே விளக்கு. உலகத்தில் வேறெங்காவது கோர்ட்டு கப்பலுக்கு வழி காட்டியிருக்கிறதோ என்னவோ!

இந்த இடத்தில் பையனுக்கு எம்டன் கதையைச் சொன்னேன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மன் கப்பல் வந்து பர்மா எண்ணெய்க் கம்பெனி டாங்குகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போன கதை. யுத்தம் ஆரம்பித்து ஏழு வாரம் ஆகியும் ஊரில் யாரும் விளக்கை அணைக்கவில்லை. நம்முடைய லைட் ஹவுஸும் எதிரிக்குச் சேர்த்தே எரிந்துகொண்டிருந்ததாம். ஹைகோர்ட் மதில்மேலும் ஒரு குண்டு விழுந்தது. அங்கே கல்வெட்டு இருக்கிறது. உங்கள் அப்பா உன்னை "சரியான எம்டன்" என்று திட்டுவாரே, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பேரனுக்கு இப்போது தெரியும். உன் பெயரையும் சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்னொன்று. கலங்கரை விளக்கம் என்பதில் "கரை"க்குக் கடற்கரை என்று பொருள் இல்லை, கூப்பிடுவது என்று பொருள், காக்கை கரைகிறது என்கிறோமே அதுபோல என்று பத்தாம் வகுப்பில் நீ அடித்துப் பேசினாய். நான் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. அகராதியைப் பார்த்துவிட்டேன். நீ சொன்னதுதான் சரி. ஐம்பது வருஷம் தாமதமாக ஒப்புக்கொள்கிறேன், வட்டி கேட்காதே.

தை மாதம் கல்யாணத்துக்கு வருவாய் அல்லவா? இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பி வா. வேலை நாளாகப் பார்த்துக் கல்தூணைக் காட்டுகிறேன். வாசலில் பழைய ஆட்கள் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள், விடுவார்கள். தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல். கண்ணில் சொட்டு மருந்தை மறக்காதே.

உன்,
வேணு