தோளும் கொலரும்

ஹட்டன்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மூத்தவனுக்குக் கொழும்பில் வங்கி வேலை கிடைத்த செய்தியை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "இப்பதானே அரைக் கால்சட்டையோட பந்து அடிச்சிக்கிட்டு இருந்தான்" என்று உன் தங்கச்சிக்கு நம்பவே முடியவில்லை. அவனுக்கு எங்கள் எல்லோருடைய வாழ்த்தையும் சொல். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், அதாவது புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு போன் பார்க்கிறாள். மழை மட்டும் விடுகிற பாடாக இல்லை. உடுப்புக் காயப்போட வழியில்லாமல் அடுப்படியில் கொடி கட்டியிருக்கிறோம். நான் போடுகிற சட்டையெல்லாம் விறகுப் புகை மணக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பையனுக்கு ஐந்து நீளக்கைச் சட்டை வேண்டும், ரெடிமேட் வாங்குவதா, துணி எடுத்துத் தைப்பதா என்று கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். 1992இல் ஜனாதிபதி பிரேமதாச தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தில் வந்த காமென்ட் ஒன்றில்தான் நான் முதன்முதல் வேலைக்குச் சேர்ந்தேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். அங்கே கியூசியாக, அதாவது தரம் பார்க்கிறவனாக, நின்று சட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த பழக்கம் இன்னும் போகவில்லை. கலியாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்க்குமுன் அவன் கொலரைத்தான் பார்க்கிறேன். உன் தங்கச்சி இதற்காகவே என்னை முன்வரிசையில் உட்கார விடுவதில்லை.

ரெடிமேட் நல்லதா, தைத்தது நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது, மச்சான். பையனின் உடம்பைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். ஒரு சட்டையில் பிறகு திருத்தவே முடியாத இடம் இரண்டு: ஒன்று தோள், மற்றது கொலர். மற்றதையெல்லாம் ஏதோ ஒரு மாதிரிச் சரிக்கட்டலாம். விலாப்பக்கம் தொளதொள என்றிருந்தால் பிரித்து உள்ளே பிடிக்கலாம். கை நீளமாக இருந்தால் குறைக்கலாம். ஆனால் கை கட்டையாக இருந்தால் ஒன்றும் செய்ய ஏலாது, துணிக்கு எங்கே போவது? அதனால் கடையில் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடியில் நிறத்தைப் பார்க்காமல், தோள் தையல் எங்கே விழுகிறது என்று பார்க்கச் சொல். தோள் எலும்பு முடிகிற இடத்தில் விழவேண்டும். கைப்பக்கம் சரிந்து தொங்கினால் அந்தச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். பிறகு கொலர் பட்டனைப் பூட்டிக்கொண்டு இரண்டு விரலை உள்ளே விடவேண்டும். இரண்டும் இறுக்கமில்லாமல் போனால் சரி. வங்கியில் டை கட்டவேண்டியிருக்கும், ஆகவே மேல் பட்டனைப் பூட்டாமல் பார்க்கிற பார்வை பயன்படாது.

இன்னொரு சின்னச் சோதனை. சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டு இரண்டு கையையும் பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி மேலே தூக்கிப் பார்க்கச் சொல். முழுச் சட்டையும் கூடவே கிளம்பி வெளியே வந்தால் அக்குள் வெட்டு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். மலிவு ரெடிமேட்டில் எல்லா உடம்புக்கும் பொருந்தட்டும் என்று அக்குளை அகலமாக வெட்டிவிடுவார்கள். நிற்கும்போது வசதியாகத்தான் இருக்கும். கொழும்பு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் இறங்கும்போதுதான் பின்பக்கம் கொடி பறக்கும்.

உன் பையன் நெட்டை, ஒல்லி, கையும் நீளம். ரெடிமேட்காரர்கள் கழுத்துப் பருமனை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கணக்குப் போடுகிறார்கள். கழுத்து 15 அங்குலம் என்றால், அதாவது 38 சென்டிமீட்டர், நெஞ்சு இவ்வளவு, கை இவ்வளவு என்று ஒரு சராசரி ஆளை மனதில் வைத்து வெட்டுவார்கள். இவன் அந்தச் சராசரி ஆள் இல்லை. கைக்குச் சரியாக எடுத்தால் உடம்பு தொங்கும், உடம்புக்குச் சரியாக எடுத்தால் மணிக்கட்டு வெளியே தெரியும். 'ஸ்லிம் ஃபிட்' என்று எழுதியிருப்பதில் ஒன்றிரண்டு இவனுக்கு ஒத்துவரலாம், ஆனால் ஒவ்வொரு கம்பனியின் ஸ்லிம்மும் ஒவ்வொரு அளவு. போட்டுப் பார்க்காமல் ஒன்லைனில் மட்டும் எடுக்கவேண்டாம்.

தையலின் தரத்தைக் கண்டுபிடிக்க பெரிய படிப்பு தேவையில்லை. உன் பெருவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஏறக்குறைய ஓர் அங்குலம். அதைக் கொலர் ஓரத்தில் வைத்து எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணு. 18க்கு மேலே இருந்தால் நல்ல சட்டை. 14, 15 என்றால் பரவாயில்லை. பத்துப் பன்னிரண்டு என்றால் அவசர வேலை, தையல் நெருக்கமானால் மெஷினில் நேரம் கூடும், நேரம் கூடினால் காசு கூடும், கணக்கு அவ்வளவுதான். பிறகு சட்டையை உள்பக்கம் புரட்டி விலாத் தையலைப் பார். துணி ஓரம் உள்ளே மடிந்து மூடியிருந்தால் அது நீண்ட நாளைக்கு நிற்கும். ஓரம் பிரியாமல் சுற்றி அடிக்கிற ஓவர்லொக் மட்டும் இருந்தால் சாதாரணச் சட்டை. கோடு போட்ட துணியென்றால் பொக்கெட்டுக் கோடும் சட்டைக் கோடும் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுகிறதா பார். அதைச் சேர்க்கத் துணி அதிகம் செலவாகும், அதனால் மலிவுச் சட்டையில் சேர்க்கமாட்டார்கள்.

ஏற்றுமதித் தரம் என்றாலே நம்பிவிடவும் வேண்டாம். நாங்கள் இரண்டாயிரம் சட்டை பெட்டி கட்டி வைத்தால், வாங்குகிற கம்பனியின் ஆள் வந்து அதில் 125ஐ எடுத்துப் பார்ப்பார். வழக்கமான அளவுகோலின்படி அதில் பெரிய பிழை 7 வரை இருந்தால் லொட், அதாவது அந்த இரண்டாயிரமும், பாஸ், 8 என்றால் திரும்ப வேலை. அப்படியென்றால் பாஸான லொட்டிலும் பிழைச் சட்டை சில போகும். அது உன் கைக்கு வராமல் பார்த்துக்கொள்ளவேண்டியது நீதான்.

லேபல் வெட்டிய ஏற்றுமதி மிச்சச் சட்டைகள் கண்டியிலும் கொழும்பு புறக்கோட்டையிலும் குவிந்து கிடக்கின்றன. நானே பாதிக்கு மேல் அதைத்தான் போடுகிறேன். துணியும் தையலும் அந்த விலைக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் அது ஏன் மிஞ்சியது என்று யோசிக்கவேண்டும். ஓடருக்குக் கொஞ்சம் கூடுதலாக வெட்டி மிஞ்சியதா, இல்லை கழித்துப் போட்டதா? கழித்ததில் நான் அதிகம் கண்டது நிற வித்தியாசம். உடம்பு ஒரு துணிச் சுருளிலும் கை இன்னொரு சுருளிலும் வெட்டுப்பட்டிருக்கும். கடை விளக்கில் இரண்டும் ஒரே நீலம். வெளிச்சத்துக்கு வந்தால் கை மட்டும் வெளுத்துத் தெரியும். அதனால் வாசலுக்குக் கொண்டுவந்து, கையை நெஞ்சின் மேல் மடித்து வைத்துப் பார்க்கவேண்டும். முதலாளி முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இன்னொன்று, அவை பெரும்பாலும் வெள்ளைக்காரன் உடம்புக்கு வெட்டியவை. கை நீளம் உன் பையனுக்கு அதிர்ஷ்டம், தோள் அகலம்தான் இடிக்கும்.

இனித் தைப்பதைப் பற்றி. நம் பக்கத்தில் தையற்காரர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கை தேர்ந்த பிள்ளைகள் காமென்டுக்குப் போய்விட்டார்கள், மிஞ்சியவர்களுக்கு ரெடிமேட் காற்சட்டையின் நீளத்தைக் குறைத்துக் கொடுக்கவே நேரம் போதவில்லை. ஆனாலும் இங்கே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். காலால் மிதிக்கிற பழைய மெஷின். அவர் அளவு எடுக்கும் முன்பு ஆளைக் கொஞ்சம் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்ப்பார். என் வலது தோள் இடதை விடக் கால் அங்குலம் இறங்கியிருக்கிறது என்று அவர்தான் சொன்னார். அதற்கேற்ப அந்தப் பக்கத்தை மட்டும் சாய்த்து வெட்டினார். எந்த ரெடிமேட்டும் எனக்கு ஒரு பக்கம் மடிந்தே விழுந்ததன் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. இதுதான் தைப்பதில் உள்ள லாபம். விலை குறையும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். துணி இந்தியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வருகிறது, 2022இல் ரூபாய் விழுந்த பிறகு துணிக்கடைப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது. தையற்கூலியும் சேர்த்தால் நடுத்தர ரெடிமேட்டை விடக் கூடத்தான் வரும்.

துணியை நீயே போய் எடு. பருத்தி பொப்லின் போதும். 40ஆம் நம்பர் நூல் என்றால் தடிப்பு, 60, 80 என்று ஏற ஏற மெல்லிசு. 100ஐப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள், அது ஒற்றை நூலாக இருந்தால் வெள்ளையில் உள்பனியன் அப்படியே தெரியும். துணியை ஒற்றையாக விரித்துக் கீழே கையை வைத்துப் பார்த்தால் விளங்கிவிடும். பொலியெஸ்டர் கலந்தது நம் மழைக்கு நல்லது, இரவில் துவைத்தால் காலையில் காய்ந்துவிடும். ஆனால் கொழும்பு வேர்வையில் அது முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அயன் தேவையில்லை என்று விற்பது பருத்திதான், ஆனால் ஒரு ரசாயனப் பூச்சால் நூலைப் பிணைத்து வைத்திருக்கிறார்கள். கசங்காது, உண்மை. அதே பூச்சு நூலைப் பலவீனமாக்குவதால் கொலர் மடிப்பிலும் கையோரத்திலும் சீக்கிரம் பிய்யும். போர்டிங் அறையில் அயன் பண்ணச் சோம்பல்படுகிற பையனென்றால் ஒன்று மட்டும் அப்படி எடுத்துக் கொடு.

58 அங்குல அகலத் துணியில் நீளக்கைச் சட்டைக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர் போகும். இவன் உயரத்துக்கு 1.8 எடு. எடுத்ததை நேரே டெய்லரிடம் கொடுத்துவிடாதே. ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, அயன் பண்ணிக் கொடு. பருத்தி முதல் துவைப்பில் 3 வீதம் சுருங்குவது சாதாரணம். 15½ அங்குலக் கொலரில் அது ஏறக்குறைய அரை அங்குலம், நீ விட்ட இரண்டு விரல் இடம் அங்கேயே போய்விடும். கொலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கிற கன்வஸ் துணியும் முன்கூட்டியே சுருக்கியதா என்று கேள். மலிவான ஒட்டுக் கன்வஸ் நாலைந்து துவைப்பில் பசை விட்டுக் குமிழ் குமிழாக எழும்பும். பிறகு எத்தனை அயன் போட்டாலும் படியாது.

ஐந்தையும் ஒரேயடியாக வெட்டக் கொடுக்கவும் வேண்டாம். நான் சொல்வது இதுதான்: அடுத்த மாதம் வேலையில் சேரவேண்டும் என்பதால் இப்போது வெள்ளை ஒன்று, இளநீலம் ஒன்று ரெடிமேட்டில் எடு. தோளும் கொலரும் கையும் சரியாக இருக்கட்டும், விலாப்பக்கத்தை நம் பெரியவர் பிடித்துத் தருவார். மற்ற மூன்றுக்குத் துணி எடு, முதலில் ஒன்றை மட்டும் தைக்கலாம். பையன் அதைப் போட்டு, இரண்டு மூன்று தடவை துவைத்த பிறகு எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று சொல்லட்டும். அந்தத் திருத்தத்தோடு மிச்ச இரண்டையும் வெட்டலாம். தீபாவளிக்கு முந்தின மாதம் மட்டும் தையற்கடைப் பக்கம் போகக்கூடாது. தோட்டங்களில் தீபாவளி அட்வான்ஸ் கொடுத்ததும் லயத்துச் சனம் முழுவதும் துணியோடு டவுனுக்கு இறங்கும், அந்த நேரத்தில் எந்த நல்ல டெய்லரும் கத்தரிக்கோலைத்தான் பார்ப்பார், ஆளைப் பார்க்கமாட்டார்.

பையன் நுவரெலியா வழியாக வந்தால் இங்கே இறங்கி ஒரு நாள் தங்கிப் போகட்டும். பெரியவரிடம் நானே கூட்டிப் போகிறேன். அவனிடம் இருக்கிற, உடம்புக்கு ஓரளவு சரியாக நிற்கிற பழைய சட்டை ஒன்றையும் கொண்டுவரச் சொல். நாடா அளவை விட அது பெரியவருக்கு நிறையச் சொல்லும். சப்பாத்தும் போட்டுக்கொண்டு வரட்டும், செருப்போடு நிற்கிறவனும் சப்பாத்தோடு நிற்கிறவனும் ஒரே மாதிரி நிற்பதில்லை.

அப்புறம், உன் பிரஷர் எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை போன வருஷம் மாதிரி வல்லாரைச் சம்பலை மட்டும் நம்பிக்கொண்டிருக்கிறாயா? வெலிமடையில் கிழங்கு இந்த முறை எப்படி என்று நீ ஒரு வரி கூட எழுதவில்லை. இங்கே டவுனில் விற்கிற விலையைக் கேட்டால் உனக்கு நல்ல காலம் என்றுதான் நினைக்கிறேன். பையன் வரும்போது அவன் கையில் ஐந்தாறு கிலோ கொடுத்தனுப்பு, ஆலோசனைக் கூலியாக வைத்துக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் மச்சான்